காலி இல்லை

ஹார்வி டகெட் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் ஊராரின் பாத்திரங்கள் இன்னும் அப்படியே குவிந்து கிடந்தன. எங்கள் ஆல்டர் ஃபோர்க் ஊரில் சாவு விழுந்தால் பாதிரியாருக்கு முன்னால், பாத்திரத்தோடு சுட்ட கேசரோல் சாப்பாடு வந்து சேர்ந்துவிடும். சாப்பாடு தீர்ந்துபோகும், பாத்திரம் தங்கிவிடும். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, எப்படி இருக்கீங்க என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு நோரீன் டகெட்டுக்குத் தெம்பில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஆர்லோ. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் எல்க் மான்களை வெட்டிப் பொட்டலம் கட்டுவது இருபத்திரண்டு வருஷம் என் பிழைப்பு. முதுகு போன பிறகு இங்க்ரிட் ஹாகனிடம் சேர்ந்தேன். அவர் மான்டானா மாநில வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது துப்பறிகிறார். நான் கார் ஓட்டுகிறேன். மீதி நேரத்தில் பேசக் கூடாத இடத்தில் பேசுகிறேன்.

நோரீன் காபியை ஊற்றிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். நடந்தது ஊருக்கே தெரியும். வேட்டைப் பருவம் திறந்த சனிக்கிழமை காலை, மலைச்சரிவில், ஹார்வியின் ரைஃபிள் அவர் கன்னத்தை ஒட்டியே வெடித்துச் சிதறியது. தோட்டா அவர் வீட்டிலேயே செய்தது. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் பண்ணி, புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து அளந்து ஊற்றி, மேலே குண்டை அழுத்தி உட்காரவைப்பார். முப்பது வருஷமாக அவர் ஒரு தோட்டா கடையில் வாங்கியதில்லை. மிச்சமிருந்த பத்தொன்பது தோட்டாக்களை ஷெரிஃப் பிரித்துப் பார்த்தார். தோட்டாப் பெட்டியின் அட்டையில் ஹார்வியின் கையெழுத்தில் ஹார்வியின் மருந்தின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது கால்வின் ரீடின் மருந்து.

கால்வின் என்னோடு பள்ளியில் படித்தவன். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதற்கு இப்போது எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. நாமே செய்துகொள்ளலாமா என்று இந்த வசந்தத்தில் ஹார்வியிடம் கேட்டான். புதன்கிழமை தோறும் வா, என் மேஜையிலேயே ஆரம்பி என்றார் ஹார்வி. கால்வினுக்குத் தோளில் ஆபரேஷன் ஆனதால் துப்பாக்கி உதைக்கக் கூடாது. அதனால் சட்டென்று எரியும் மருந்தாக ஒரு சிட்டிகை போடுவான். ஹார்வியுடையது நிதானமாக எரிகிற மருந்து, கூடு நிறைய ஊற்றுவார். அவருடையதை ஊற்றும் அளவுக்கு இவனுடையதை ஊற்றினால் துப்பாக்கி தாங்காது. இரண்டும் கறுப்பாக, கசகசா மாதிரி இருக்கும். பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்று வரும் வழியிலேயே நான் கேட்டிருந்தேன். கால்வின் தானாகவே ஷெரிஃபிடம் போய்ச் சொல்லிவிட்டான். புதன்கிழமை என் மருந்தை ஹார்வியின் அளக்கிற குப்பியிலேயே விட்டுவிட்டுப் போனேன், என்னுடையது என்று காட்டும் டேப் ஒட்ட மறந்தேன், ஹார்வி அதைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டார் என்று. திங்கட்கிழமை காலை நீதிபதி முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அலட்சியத்தால் ஒரு உயிர் போனதற்கு இரண்டு மூன்று வருஷம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

"மறந்தான்னா மறந்துட்டுப் போகட்டும், மனுஷன்தானே" என்றார் நோரீன். "ஆனா அவன் என் கண்ணைப் பார்க்க மாட்டேங்கிறான் இங்க்ரிட். அடக்கத்தன்னிக்கு எல்லாரும் என் கையைப் பிடிச்சாங்க, அவன் மட்டும் குனிஞ்சுக்கிட்டே போயிட்டான். வேற என்னமோ மறைக்கிறான். அது என்னன்னு தெரியாம என்னால திங்கக்கிழமையைத் தாண்ட முடியாது."

கண்டுபிடிச்சா சொல்லுவியா என்று கேட்டார். சொல்லுவேன் என்றார் இங்க்ரிட். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஒரு சொல் அன்று மாலைக்குள் எங்களை என்ன பாடு படுத்தப் போகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். படியின் இடது பக்கம் நோரீனின் ஜாம் பாட்டில்களும் ஊறுகாய்ப் பாட்டில்களும் சுவர் முழுக்க. வலது பக்கம் ஹார்வியின் மேஜை. குண்டை அழுத்தும் பிரஸ், சின்னத் தராசு, மருந்து ஊற்றி அளக்கிற கண்ணாடிக் குப்பி. வெற்றுக் கூடுகள் எல்லாம் மரப்பலகையில் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. மருந்து போடாததைக் கவிழ்த்து வைத்தால் ஒன்றுக்கு இரண்டு முறை ஊற்றிவிடும் பயமில்லை. மனுஷன் அவ்வளவு ஜாக்கிரதை.

சுவரில் ஒரு அட்டை, ஹார்வியின் கையெழுத்து. குப்பியில் டேப் இருந்தால் உள்ளே கால்வின். டேப் இல்லையென்றால் காலி, அல்லது நான்.

நான் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்திருந்தால் முதல் வாரமே பெயில் என்றேன். நோரீன் லேசாகச் சிரித்தார். அதைத் தான் படித்ததே இல்லை என்றும், அது அவர்கள் இருவரின் பள்ளிக்கூடம், தான் ஜாம் எடுக்க மட்டும்தான் இறங்குவேன் என்றும் சொன்னார். மேலே ஃபோன் அடித்தது, போய்விட்டார்.

இங்க்ரிட் குப்பியின் மேல் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என் விரலைப் பிடித்து இழுத்துக் குப்பியின் முதுகில் வைத்தார். பிசுபிசுவென்றது. ஒரு விரல் அகலத்துக்குக் கோந்துத் தடம், அதன்மேல் மூன்று வாரத் தூசி.

"டேப் ஒட்டின தடம் பாஸ். ஆனா எட்டு மாசமா வாராவாரம் ஒட்டிட்டுத்தானே இருந்தாங்க?"

"தராசைப் பாரு. பிரஸ்ஸைப் பாரு. எங்கேயாவது ஒரு விரல் ரேகை இருக்கா? கோந்தை அப்படியே விட்டுட்டுப் போற ஆளா ஹார்வி?"

டேப்பை எடுக்கும்போதெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்கள். துணி அங்கேயே ஆணியில் தொங்கியது. ஆக, கடைசியாக அந்த டேப்பை எடுத்தது ஹார்வி இல்லை. கால்வினும் இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்காத யாரோ.

கால்வின் வீடு ஆற்றைத் தாண்டி நாலு மைல். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. விளக்கு சுவிட்சில் நீல டேப், வாசல் விளக்கு என்று கட்டம் கட்டமான எழுத்து. டீ டப்பாவில் டீ. சர்க்கரை டப்பாவில் சர்க்கரை, பக்கத்தில் இன்னொன்றில் உப்பு, சர்க்கரை இல்லை. நாயின் கிண்ணத்தில் ப்யூலா, தண்ணீர். நாயின் மேல் மட்டும்தான் ஒட்டவில்லை. ஒட்டியிருப்பான், அது நக்கி எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகளின் மதிய உணவு டப்பா மாறாமல் இருக்கப் பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம், விடவில்லை என்றான். அவன் சட்டைப் பையே புடைத்திருந்தது. அதற்குள்ளும் ஒரு நீல டேப் சுருள்.

அந்த மனுஷன் எங்களைப் பார்த்துச் சொல்கிறான், டேப் ஒட்ட மறந்தேன் என்று.

புதன்கிழமை நடந்ததை இங்க்ரிட் கேட்டார். பாதியில் தங்கை ஃபோன் பண்ணினாள், பெண் குதிரை முள்வேலியில் மாட்டிக்கொண்டு துடிக்கிறது என்று. போட்டது போட்டபடி ஓடினேன் என்றான். மருந்தைத் திரும்ப டப்பாவில் ஊற்ற நேரமில்லை. டேப்புக்கும் நேரமில்லை. இவ்வளவையும் ப்யூலாவைப் பார்த்தே சொன்னான். நாய்க்கே சங்கடமாகி எழுந்து போய்விட்டது.

"இந்த வீட்டுல மறதிக்கு மட்டும்தான் லேபிள் இல்ல கால்வின்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்றான்.

வாசல்வரை வந்தவன் தயங்கி நின்றான்.

"நோரீன் வீட்டுல பாத்திரமெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

இல்லை, அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

"நான் வேணா வந்து எடுத்துட்டுப் போய்க் குடுத்துடறேன். அவங்க எதையும் தூக்க வேணாம். வெளியில வெச்சுட்டாப் போதும், நான் உள்ள வர மாட்டேன்."

காரைக் கிளப்பிப் பாலம் தாண்டினேன். ஜன்னலுக்கு வெளியே பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"ஜெயிலுக்குப் போறவன் எதுக்கு ஆர்லோ பாத்திரத்தைப் பத்திக் கேட்கிறான்?"

"நல்ல மனசு."

"அவங்க முகத்தைப் பார்க்க முடியாதாம். வாசல்வரை வந்து பாத்திரம் மட்டும் வேணுமாம்." உடனே, "நோரீன் வீட்டுக்கே வண்டியைத் திருப்பு" என்றார். நான் ஏற்கனவே நோரீன் வீட்டுப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நோரீன் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பாத்திரங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், இறைச்சி வெட்டின காலத்திலிருந்து எல்லா வீடும் எனக்குப் பழக்கம் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லதாப் போச்சு ஆர்லோ என்று சொல்லி, காபிக் கோப்பைகளைக் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பெயர் படித்தேன். எங்கள் சர்ச் விருந்துக்குப் போகிற எந்தப் பாத்திரத்துக்கும் அடியில் வெள்ளை டேப்பில் பெயர் இருக்கும். ஹெல்கா. டோரத்தி. இன்னொன்றில் நகப் பூச்சால் எழுதி, அதுவும் பிழையாக எழுதி. பாதிரியார் மனைவியின் பாத்திரத்தில் மட்டும் பெயரே இல்லை, யார் திருடுவார்கள் என்ற தைரியம். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, அடியிலிருந்த, பழம் வைத்துப் பை பலகாரம் சுடுகிற கண்ணாடி டிஷ்ஷைக் கவிழ்த்தேன்.

அதில் இருந்தது நீல டேப். வலது ஓரத்தில் வட்டவட்டமாக நோரீன் என்று எழுதியிருந்தது. இடது பக்கம் கட்டம் கட்டமான எழுத்தில் வேறு நாலு சொல். கால்வின் மருந்து. காலி இல்லை.

இங்க்ரிட் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பிறகு நோரீனிடம் மிகச் சாதாரணமாக, இந்தப் பை டிஷ் உன்னுடையதுதானே, எப்போ சர்ச்சுக்குப் போச்சு என்று கேட்டார்.

"வியாழக்கிழமை, வேட்டைக்காரங்க விருந்துக்கு" என்றார் நோரீன், முதுகைக் காட்டியபடியே. "நாலு பை பண்ணினேன் அன்னிக்கு. கடைசி டிஷ்ஷுக்கு வெள்ளை டேப் தீர்ந்துபோச்சு. கீழே எங்கேருந்தோ ஒரு துண்டு கிழிச்சுட்டு வந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்ல டிஷ்."

புதன்கிழமை கால்வின் ஒட்டினான். வியாழக்கிழமை இவர் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஹார்வி வந்து பார்த்தபோது குப்பியில் டேப் இல்லை. டேப் இல்லையென்றால் நான். தன் சொந்த விதியை நம்பித் தராசில் ஒழுங்காக நிறுத்து, இருபது தோட்டாவுக்கு ஊற்றினார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனைவி ஒரு விரல் நீள டேப்பால் அவரைக் கொன்றிருக்கிறார், அது அவருக்கே தெரியாது. மற்றப் பாத்திரங்களைக் காரில் ஏற்றினேன். அந்த டிஷ்ஷை மட்டும் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

மறுபடி ஆற்றைத் தாண்டினோம். கால்வின் வேலியோரம் நின்றிருந்தான். இங்க்ரிட் டிஷ்ஷைக் கவிழ்த்துக் காரின் முன்மூடியின் மேல் வைத்தார். அவன் அதைப் பார்த்தான், பிறகு முதல் முறையாக எங்களைப் பார்த்தான்.

விருந்தன்று பாத்திரம் கழுவியது அவன்தான். தன் எழுத்தையே நோரீனின் டிஷ்ஷுக்கு அடியில் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

"டேப் குப்பியிலேருந்து எடுத்தாச்சுன்னா ஹார்வி குப்பியைக் காலி பண்ணிட்டார்னு அர்த்தம். எங்க ரெண்டு பேர் பாஷை அது. மூணாவதா ஒருத்தர் அதை எடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். குப்பி காலியான்னு ஒரே ஒரு வார்த்தை. பண்ணல. அப்போ நானும் கொன்னவன்தானே?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இங்க்ரிட் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, ஜெயில்லேருந்து நான் வெளிய வந்துடுவேன்" என்றான் கால்வின். "இது தெரிஞ்சா நோரீன் எங்கேருந்து வெளிய வருவாங்க? சொல்லாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்கறேன்."

திரும்பும் வழியில் நான் சொல்லிப் பார்த்தேன். என் கை வழுக்கட்டும் பாஸ், டிஷ் பாலத்துக் கல்லில் விழுந்தால் சுக்குநூறாகிவிடும், டேப்பு ஆற்றோடு போய்விடும், அவனே விரும்பிப் போகிறான் என்றேன். வேண்டுமானால் வண்டியை நிறுத்தறேன் என்றேன். நிறுத்தவும் செய்தேன். இங்க்ரிட் இறங்கவில்லை. தப்புப் பண்ணாத ஒருவனை உள்ளே அனுப்பிவிட்டு இந்த ஊரில் எப்படி நடமாடுவது என்று கேட்டார். அப்புறம், நான் சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேனே ஆர்லோ என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நோரீன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் ஆள் இல்லை. கீழே விளக்கு எரிந்தது. இறங்கினோம்.

அவர் ஹார்வியின் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் குப்பியின் முதுகில், அந்தப் பிசுபிசுப்பின் மேல் இருந்தது.

"என் டிஷ் மேஜையில இல்ல" என்றார் திரும்பாமலே. "அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துட்டுப் போற ஆளு என்னோடதை எதுக்கு எடுத்துட்டுப் போனான்னு யோசிச்சேன். நீ கேட்டது ஞாபகம் வந்தது இங்க்ரிட். எங்கேருந்து கிழிச்சேன்னு யோசிச்சுக்கிட்டே இறங்கி வந்தேன். கைக்கு ஞாபகம் இருக்கு." கையை நீட்டினார். "குடு ஆர்லோ."

கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்ல. என் பேரு எழுத இடம் இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்."

இங்க்ரிட் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கால்வின் தெரிந்தே பழியை ஏற்றதையும், விருந்தன்று அவன் டேப்பைப் பார்த்ததையும் எதையும் விடாமல் சொன்னார். நோரீன் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, தானே எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டது.

"கால்வின், நான்தான். திங்கக்கிழமை நீ வாயைத் திறக்கக் கூடாது. முதல்ல நான் பேசறேன்." நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் உடைந்து உடைந்து வந்தது. "இல்லப்பா. நீ ஒட்டினே. நீ ஒழுங்கா ஒட்டியிருந்தே. நாளைக்கு வந்து என் கூடச் சாப்பிடு."

ஃபோனை வைத்துவிட்டு, டிஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். மேலே அடுப்புக்குப் பக்கத்தில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"வியாழக்கிழமை ஹார்வி வந்து ஒரு துண்டு பை கேட்டார்" என்றார் கடைசியில். "கை வைக்காதீங்க, சர்ச்சுக்குன்னு சொல்லிட்டேன்."